உதவ ஓடுமுன் அறிய வேண்டியவை: குறிஞ்சிப்பிட்டிக் கரைக்கு அவசியமான ஒரு பயிற்சி

கடலில் படகு கவிழ்ந்தாலும், வீதியில் வாகனம் புரண்டாலும், வீடொன்றில் தீப்பற்றினாலும் முதலில் ஓடிச் செல்பவர் அயலவரே. குறிஞ்சிப்பிட்டி போன்ற கரையோரக் கிராமங்களில் இது எழுதப்படாத சட்டம். போற்றத்தக்க இப்பண்பு, புரண்டது இரசாயனம் ஏற்றிய பவுசராக இருக்கும்போது, ஓர் உயிரிழப்பைப் பல உயிரிழப்புகளாக மாற்றிவிடக் கூடும். ஆபத்தான பொருட்களால் நேரும் அனர்த்தங்களைக் கையாளும் பயிற்சி, தீயணைப்புப் படையினருக்கு மட்டும் உரிய ஒன்றாகவே நமது நாட்டில் கருதப்பட்டு வருகின்றது. ஆனால் அப்பயிற்சியின் முதற் படி, சம்பவ இடத்துக்கு முதலில் செல்லும் எவருக்கும் உரியதாகும்.

2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஹொரணை, பெல்லப்பிட்டியவில் உள்ள இறப்பர் தொழிற்சாலை ஒன்றில் நிகழ்ந்ததை நினைவுகூர்வது பொருத்தமானது. இறப்பர் பால் உறைந்துவிடாமற் காக்க அமோனியா பயன்படுத்தப்படுகின்றது. அங்கிருந்த அமோனியாத் தாங்கியினுள் ஒருவர் விழுந்தார். அவரைக் காப்பாற்ற முயன்றவர்களும் நச்சுவாயுவுக்கு இரையாகினர். இறுதியில் ஐவர் உயிரிழந்தனர். அவர்களது துணிவில் எக்குறையும் இல்லை. தாங்கியினுள் இருக்கும் காற்று மனிதன் சுவாசிக்கத் தக்கதல்ல என்பதை அந்தக் கணத்தில் நிறுத்திச் சொல்வதற்கு எவருமில்லை என்பதே குறை.

கடலும் களப்பும் சூழ்ந்த நிலம்

கற்பிட்டிக் குடாநாட்டின் அமைப்பை ஒரு முறை எண்ணிப் பார்ப்போம். மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய மணற்பரப்பு. பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை செல்லும் வீதியே பிரதான தரைவழி. 1990ஆம் ஆண்டு வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்ததன் பின்னர் இப்பகுதியின் குடிசனச் செறிவும் கூடியது. அவ்வீதியில் ஓரிடத்தில் நச்சுவாயு பரவினால், அதற்கு அப்பால் உள்ளவர்கள் வெளியேறுவதற்கு வேறு இலகுவான மார்க்கம் இல்லை.

இக்குடாநாட்டில் 900 மெகாவோட் கொள்ளளவுடைய நுரைச்சோலை அனல்மின் நிலையம் இயங்குகின்றது. எரிபொருள் பவுசர்களும் எரிவாயு சிலிண்டர் லொறிகளும் இதே வீதியையே நாடுகின்றன. தோட்டச் செய்கைக்கான கிருமிநாசினிகளும் உரங்களும் கடைகளிலும் வீடுகளிலும் களஞ்சியப்படுத்தப்படுகின்றன. மீன் பழுதடையாமற் காக்கும் ஐஸ் தொழிற்சாலைகள் பல நாடுகளில் அமோனியாவைக் கொண்டே இயங்குகின்றன. கடலுக்கு அப்பால் கொழும்பை நோக்கியும் இந்தியத் துறைமுகங்களை நோக்கியும் கொள்கலன் கப்பல்கள் செல்கின்றன. இவை யாவும் வாழ்வுக்கு வேண்டியவை. இவற்றை வெறுத்தொதுக்க முடியாது. ஆனால் இவற்றோடு வாழ்பவர்கள் இவற்றின் குணத்தை அறிந்திருக்க வேண்டும்.

இரு கப்பல்கள் தந்த பாடம்

கடல்வழி ஆபத்து கற்பனையல்ல என்பதை எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் உணர்த்தியது. 1,486 கொள்கலன்களுடன் வந்த அக்கப்பலில் 81 கொள்கலன்கள் ஆபத்தான பொருட்களைக் கொண்டிருந்தன. அவற்றுள் சுமார் 25 தொன் நைத்திரிக் அமிலமும் அடங்கும். அமிலம் கசிவதை அறிந்து, கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீரா துறைமுகத்திலும் அக்கொள்கலனை இறக்கக் கோரப்பட்டபோதிலும் அது நிறைவேறவில்லை. 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பாலுள்ள கடலில் தீ மூண்டது. மே 25இல் வெடிப்பு ஏற்பட, மாலுமிகள் 25 பேரும் வெளியேற்றப்பட்டனர். ஜூன் மாதத்தில் கப்பல் மூழ்கியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன. அவை மேற்குக் கரையெங்கும் பரவி, புத்தளம் மாவட்டக் கரையோரத்திலும் ஒதுங்கின.

கரையொதுங்கிய பொருட்களைச் சேகரிப்பதற்கு மக்கள் திரண்டதும், தொட வேண்டாமென அதிகாரிகள் எச்சரிக்க நேர்ந்ததும் அவ்வேளையில் கண்ட காட்சிகள். 2025 ஜூலை மாதத்தில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிட்டது. நட்டஈடு எத்துணைப் பெரிதாயினும் அது அனர்த்தத்தின் பின்னால் வருவது. எரிந்த பிளாஸ்டிக்கையும் இனந்தெரியாத திரவத்தையும் வெறுங்கையால் அள்ளுபவரின் உடல்நலத்தை அது காப்பதில்லை.

இதனோடு ஒப்பிடத்தக்க இன்னொரு சம்பவம் 2025 மே மாதத்தில் கேரளக் கரைக்கு அப்பால் நிகழ்ந்தது. எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கொள்கலன்களுடன் மூழ்கியது. ஆபத்தானவை என வகைப்படுத்தப்பட்ட 13 கொள்கலன்களுள் 12இல் கல்சியம் காபைட்டு இருந்தது. நீர் பட்டால் இது அசற்றலீன் என்னும் எளிதில் தீப்பற்றும் வாயுவை வெளியிடும். கொள்கலன்கள் கரையொதுங்கத் தொடங்குமுன்னரே, அவற்றைத் தொட வேண்டாம், 200 மீற்றருக்கு அப்பால் நில்லுங்கள், அவசர இலக்கத்துக்கு அறிவியுங்கள் என்ற மூன்று செய்திகளைக் கேரள மாநில அனர்த்த முகாமைத்துவ அதிகார சபை மக்களுக்கு அறிவித்தது. எளிய சொற்களில், மக்களின் மொழியில், உரிய வேளையில் சொல்லப்பட்ட மூன்று வாக்கியங்கள் அவை. அக்கப்பலிலிருந்து வந்தவை எனக் கருதப்பட்ட பிளாஸ்டிக் மணிகள் பின்னர் இலங்கையின் வடபகுதிக் கரைகளிலும் காணப்பட்டன. கேரளத்துக்கு நேர்வது நமது கரைக்கு அந்நியமானதல்ல.

பயிற்சியின் படிகள்

ஆபத்தான பொருட்களைக் கையாளும் பயிற்சி என்றதும், தலை முதல் கால் வரை மூடிய உடையுடன் நிற்கும் நிபுணர்களே நம் மனக்கண்ணில் தோன்றுவர். அது உயர்ந்த படி. பல நாடுகள் பின்பற்றும் அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு விதிகள் இப்பயிற்சியைப் படிப்படியாக வகுத்துள்ளன.

முதற் படி விழிப்புணர்வு. இப்படியில் உள்ளவர் ஆபத்தை இனங்காண்பார், விலகி நிற்பார், பிறரை விலக்குவார், அறிவிப்பார். இதற்கு மேல் எதையும் செய்ய மாட்டார். இரண்டாம் படியில் உள்ளவர், கசிவை நேரடியாக அணுகாமல், அது பரவுவதைத் தொலைவிலிருந்து தடுப்பார். இதற்குக் குறைந்தது 8 மணி நேரப் பயிற்சி வேண்டும். மூன்றாம் படியில் உள்ளவரே பாதுகாப்பு உடையணிந்து கசிவை அடைப்பவர். அவருக்குக் குறைந்தது 24 மணி நேரப் பயிற்சி அவசியம். அதற்கும் மேலே குறித்த இரசாயனங்களில் தேர்ந்த வல்லுநரும், சம்பவ இடத்து நடவடிக்கைகளை நெறிப்படுத்தும் அதிகாரியும் உள்ளனர். பெற்ற பயிற்சி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதும் விதி.

குறிஞ்சிப்பிட்டிக்கு உடனடியாக வேண்டியது முதற் படியே. அதற்குப் பெருஞ்செலவு பிடிக்கும் கருவிகள் எவையும் தேவையில்லை.

இனங்காண்பது எப்படி? ஆபத்தான பொருட்களை ஏற்றிச் செல்லும் வாகனங்களிலும் கொள்கலன்களிலும் சாய்சதுர வடிவிலான அடையாளம் இருக்கும். அதன் நிறமும் அதிலுள்ள படமும் பொருள் தீப்பற்றுவதா, நச்சுடையதா, அரிப்பதா என்பதைக் காட்டும். நான்கு இலக்கங்களைக் கொண்ட ஐக்கிய நாடுகள் எண்ணும் காணப்படும். 1005 என்றால் அமோனியா, 1017 குளோரீன், 1203 பெற்றோல், 1402 கல்சியம் காபைட்டு, 2031 நைத்திரிக் அமிலம். இவ்வெண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தொலைவில் நின்று அவ்வெண்ணைப் படித்துத் தொலைபேசியில் சொன்னால் போதும். எந்த மொழி பேசும் நிபுணருக்கும் அது விளங்கும்.

எவ்வளவு தூரம் விலகுவது? பொருள் என்னவென்று தெரியாதபோது எத்திசையிலும் குறைந்தது 100 மீற்றர் எனவும், பவுசரில் தீ மூண்டிருப்பின் 800 மீற்றர் எனவும் வட அமெரிக்க நாடுகளின் அவசரகால வழிகாட்டி நூல் கூறுகின்றது. கையை முன்னே நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பார்க்கும்போது, சம்பவ இடம் முழுவதும் விரலுக்குப் பின்னால் மறையாவிட்டால் நாம் இன்னும் அருகிலேயே நிற்கிறோம் என்பது எளிய கணக்கு.

எத்திசையில் விலகுவது? காற்று எங்கிருந்து வீசுகின்றதோ அத்திசையில். காற்றை நம்பித் தொழில் செய்யும் மீனவருக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் பாதுகாப்பான பக்கமாக இருப்பது, வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் ஆபத்தான பக்கமாகிவிடும். ஆகவே வெளியேறும் திட்டம் ஒன்றல்ல, இரண்டு இருத்தல் வேண்டும். குளோரீனும் சமையல் எரிவாயுவும் காற்றை விடப் பாரமானவை. அவை பள்ளங்களிலும் வடிகான்களிலும் தேங்கி நிற்கும் என்பதால் தாழ்வான இடங்களைத் தவிர்த்தல் அவசியம்.

நீரும் எப்போதும் நண்பனல்ல

தீயெனில் நீர் ஊற்று என்பது நமது பழக்கம். கல்சியம் காபைட்டுக்கு நீரே எதிரி. அமோனியா ஆவியை நீர்த் தூவலால் அடக்கலாம். ஆனால் தேங்கி நிற்கும் திரவ அமோனியாவின் மீது நீரைப் பாய்ச்சினால் ஆவி மேலும் பெருகும். ஆகவே பொருளை அறியாமல் எடுக்கும் எந்த நடவடிக்கையும் ஆபத்தானதே. 2020 ஆகஸ்ட் 4ஆம் திகதி பெய்ரூட் துறைமுகக் களஞ்சியத்தில் தீயை அணைக்கச் சென்ற பத்துப் பேர் கொண்ட குழுவினருக்கு, உள்ளே சுமார் 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று இருப்பது தெரியாது. பத்துப் பேரும் மாண்டனர். பயிற்சி பெற்ற வீரர்களுக்கே தகவலின்மை மரணமாகும் எனில், பயிற்சியற்ற நமது இளைஞர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

வைத்தியத்துறைக்கும் இதில் தனிப் பாடமுண்டு. நைத்திரிக் அமிலத்தின் செந்நிறப் புகையைச் சுவாசித்தவர் முதலில் நலமாகவே காணப்படலாம். பல மணி நேரம் கழிந்த பின்னர் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். "எனக்கு ஒன்றுமில்லை" என்று வீடு திரும்புபவரையும் வைத்தியசாலையில் கண்காணிக்க வேண்டும். 1984 டிசம்பரில் போபாலில், கசிந்தது எந்த வாயு என்பதை உரிய வேளையில் அறிய முடியாமல் வைத்தியர்கள் தத்தளித்த வரலாறும் நம்முன் உள்ளது.

இரசாயனம் பட்டவரின் உடைகளைக் களைந்து, ஏராளமான நீரால் கழுவிய பின்னரே அம்பியூலன்ஸில் ஏற்ற வேண்டும். இல்லையேல் வண்டியில் உள்ளவர்களும் பாதிக்கப்படுவர். உடையைக் களைவதாலேயே நச்சின் பெரும்பகுதி அகன்றுவிடும். ஆனால் நமது சமூகத்தில் பெண்கள் பலர் முன்னிலையில் இதற்கு ஒருபோதும் உடன்படார். மறைப்புத் திரையும், மாற்றுடையும், பயிற்சி பெற்ற பெண் தொண்டர்களும் முன்கூட்டியே ஆயத்தமாக இல்லாவிட்டால், அவர்கள் நச்சு ஊறிய உடையுடனேயே வீட்டுக்குச் செல்வர். அங்கு குழந்தையைத் தூக்குவர். வெளிநாட்டுக் கைநூல்களை அப்படியே மொழிபெயர்த்தால் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று.

செய்ய வேண்டியவை

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் இயங்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும், கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபையும், பிரதேச செயலகமும் இணைந்தால் இம்முதற் படிப் பயிற்சியை ஒரு நாளில் நடத்தி முடிக்கலாம். கிராம உத்தியோகத்தர், பொலிஸார், அம்பியூலன்ஸ் பணியாளர், கடற்றொழிலாளர் சங்கத்தினர், பள்ளிவாசல் நிர்வாகிகள், ஆசிரியர்கள், பவுசர் சாரதிகள் ஆகியோர் இதில் பங்குபற்ற வேண்டும். பயிற்சி தமிழில் நடைபெற வேண்டும். கைநூலும் தமிழில் இருக்க வேண்டும். மொழி விளங்காத எச்சரிக்கை, எச்சரிக்கையே அல்ல.

பள்ளிவாசலின் ஒலிபெருக்கி கிராமத்தின் மிக விரைவான அறிவித்தல் சாதனம். ஆபத்து வேளையில் என்ன அறிவிப்பது என்பதை முன்னரே எழுதி வைத்திருத்தல் நன்று. "வீதிக்கு வராதீர்கள், கதவு யன்னல்களை மூடி உள்ளே இருங்கள்" என்பதா, "இத்திசையில் வெளியேறுங்கள்" என்பதா என்ற முடிவை அந்த வேளையில் பதற்றத்துடன் எடுக்கலாகாது. தொழிற்சாலைகளும் களஞ்சியங்களும் தம்மிடம் உள்ள ஆபத்தான பொருட்களின் பட்டியலைப் பிரதேச செயலகத்துக்கும் வைத்தியசாலைக்கும் வழங்குவதை உறுதிசெய்தல் அதிகாரிகளின் கடமை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, பொலிஸாரின் 119, சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவையின் 1990 ஆகிய இலக்கங்கள் ஒவ்வொரு வாடியிலும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

அயலவரின் துயரில் ஓடிச் சென்று பங்கேற்கும் பண்பை நாம் இழந்துவிடலாகாது. அப்பண்புக்கு அறிவைத் துணையாக்குவதே இப்பயிற்சியின் நோக்கம். காற்றின் திசையைப் பார்த்து, நான்கு இலக்கங்களைப் படித்து, ஊரைத் தடுத்து நிறுத்தி, உரியவருக்கு அறிவிப்பவரும் உயிர் காப்பவரே. அத்தகைய ஐம்பது பேரைக் குறிஞ்சிப்பிட்டியில் உருவாக்க ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளை ஒதுக்குவதற்கு இன்னுமொரு கப்பல் தீப்பற்றும் வரை காத்திருக்க வேண்டுமா என்பதை உரியவர்கள் சிந்திப்பார்களாக.