கோடையில் திராட்சைப் பந்தலுக்கு நீர் பாய்ச்சும் முறை

தமிழ்நாட்டில் திராட்சைக்குப் பேர்போன இடம் தேனி ஜில்லாவைச் சேர்ந்த கம்பம் பள்ளத்தாக்கு. அங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பிரதேசத்திற்கு முல்லைப் பெரியாற்றின் பாசனம் உண்டு. வில்லியனூர், பாகூர்ப் பக்கங்களிலோ கோடை வந்தால் சங்கராபரணி வறண்டு போம்; கிணறே கதியாகும். ஆதலால் இங்கே திராட்சை வைக்க விரும்பும் குடியானவர்கள், கொடி நடுவதற்கு முன்பே அக்கினி நக்ஷத்திர காலத்து நீருக்கு வழி தேடிக்கொள்வது அவசியம்.

இதற்குச் சிறிது கணக்குப் பார்க்க வேண்டும். கொடிகளை 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் நட்டால், ஏக்கருக்குச் சுமார் 670 கொடிகள் அமையும். கடும் வெயிலில் நிலத்தினின்றும் இலைகளினின்றும் தினம் 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறதென்று வைத்துக்கொண்டால், கொடி ஒன்றுக்கு 30 லிட்டரும் ஏக்கருக்குச் சுமார் 20,000 லிட்டரும் தேவையாகும். நிலமெங்கும் ஓர் அங்குல உயரம் நீர் பாய்ச்சவோ, ஒரு தடவைக்கே 1 லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். அதில் ஒரு பகுதி வாய்க்காலிலும், வேரில்லாத இடத்திலும் வீணாகும்.

சொட்டுநீர்க் குழாய் வைத்து வேரடியில் மட்டும் நீர் விடுவது இந்நஷ்டத்தைக் குறைக்கும். விடியற்காலையிலாவது மாலையிலாவது நீர் விடுதல் நலம். கொடியடியில் வைக்கோல், கரும்புச் சோகை முதலியவற்றைப் பரப்பினால் மண்ணின் ஈரம் சீக்கிரம் உலராது. நடுப்பகலில் இலை துவண்டிருப்பதைக் கண்டவுடனே நீர் இறைக்க வேண்டியதில்லை. ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணைக் கையிற் பிடித்துப் பார்த்து, ஈரமில்லையெனில் பாய்ச்சலாம். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பாக நீரை நிறுத்திவிடுவது வழக்கம்.

இவையெல்லாம் ஒருவர் தனியே செய்யக்கூடியவை. கிணற்று நீரைக் காப்பதோ தனியொருவரால் ஆவதன்று. ஒருவர் ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழமாக்கினால், அடுத்தவர் கிணற்றில் நீர் இறங்கிப்போகக் கூடும். கடலை அடுத்த பிரதேசமாதலின், நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் உள்ளே புகவும் இடமுண்டு. உவர் மிகுந்தால் இலையோரம் கருகும், மண்ணும் கெடும். அதன் பின் எவ்வளவு நீர் விட்டாலும் பயனில்லை.

ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் நிறைந்திருந்தால் சுற்றுப்புறத்துக் கிணறுகளில் ஊற்று நிற்கும் என்பதைக் குடியானவர்கள் அனுபவத்தில் அறிவர். 1999-ஆம் வருஷம் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் தொடங்கிய ஏரி புனருத்தாரண வேலையில், ஊரார் சங்கம் அமைத்துப் பங்கெடுத்தது இங்கே நினைவுகூரத் தக்கது.

ஆகவே, ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கத்தாரும் மாசி மாதத்திலேயே கூடி, நீர் இறைக்கும் முறைநாட்களையும், வரத்து வாய்க்கால் தூர் எடுக்கும் வேலையையும் தீர்மானித்துக்கொள்வது உசிதம். தங்கள் மண்ணுக்கும் நீருக்கும் திராட்சை ஏற்குமா என்பதைக் குரும்பாபேட்டிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தறிந்த பிறகே பந்தல் செலவில் இறங்கல் வேண்டும்.