அணுகுண்டின் செலவு யார் கணக்கில்?

1998 மே 28ஆம் திகதி பாக்கிஸ்தான் சாகாய் மலையில் அணுகுண்டுப் பரிசோதனை நடத்தியது. இந்தியா அதற்கு இரு வாரங்களுக்கு முன்பே பொக்ரானில் வெடித்திருந்தது. நம்மூர்க் கடைத்தெருவிலும் யாருடைய குண்டு பெரிது என்பதுதான் அன்றைய பேச்சு. பாக்கிஸ்தான் வியாபாரிகளின் வங்கிக் கணக்குக்கு என்ன ஆனது என்று எவரும் கேட்கவில்லை.

பொருளாதாரத் தடை வரும், சனம் டொலரை எடுக்க ஓடும் என்று பயந்து, அதே நாளில் அந்நாட்டு அரசு வெளிநாட்டு நாணயக் கணக்குகளை முடக்கியது. ஏறத்தாழ 11 பில்லியன் டொலர்! வேண்டுமானால் டொலருக்கு 46 ரூபா வீதம் உள்ளூர்க் காசாக எடுங்கள் என்றார்கள். வெளிச்சந்தையிலோ டொலர் அதைவிட விலை. இந்த நட்டம் எந்தப் பாதுகாப்பு வரவு செலவுத் திட்டத்திலும் எழுதப்படுவதில்லை. 2022இல் எல்.சி. திறக்க டொலர் கிடைக்காமல் வங்கிக்கும் கடைக்கும் நடந்த நமக்கு அதன் வலி நன்றாக விளங்கும்.

இந்தியா சமாளித்தது என்பார்கள். உண்மைதான். ஆனால் 1998 ஓகஸ்டில் வெளிநாடுவாழ் இந்தியர்களிடம் 7.75 வீத வட்டிக்குக் கடன்பத்திரம் விற்று 4.2 பில்லியன் டொலர் திரட்ட வேண்டியிருந்தது.

குண்டைச் செய்து களஞ்சியத்தில் வைத்தாலும் செலவு ஓயாது. நவீன குண்டுகளில் சேரும் ட்ரிட்டியம் என்ற வாயு பன்னிரண்டு வருடங்களில் பாதியாகக் குறைந்துவிடும், மறுபடி நிரப்ப வேண்டும். விற்கவும் முடியாத, காலாவதியும் ஆகிற சரக்கு! 2023இல் ஒன்பது நாடுகள் அணுவாயுதங்களுக்குச் செலவிட்டது 91.4 பில்லியன் டொலர் என அணுவாயுத ஒழிப்புக்கான சர்வதேச இயக்கம் (ஐகேன்) கணக்கிட்டிருக்கிறது. அதே வருடம் சர்வதேச நாணய நிதியம் நமக்கு நான்கு வருடங்களில் தருவதாக ஒப்புக்கொண்டது சுமார் 3 பில்லியன். அவர்களுக்கு அது பன்னிரண்டு நாள் செலவு. நாமோ அதற்காக 18 வீத வற்வரி கட்டுகிறோம்.

இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டும் என்று 1971இல் ஐ.நா.வில் தீர்மானம் கொண்டுவந்தது நமது நாடுதான். தீர்மானம் கடதாசியில் இருக்கிறது. இந்தியாவின் அணுசக்தி நீர்மூழ்கிகளோ நமக்கு எதிரே விசாகப்பட்டினத்தில் கட்டப்படுகின்றன. சீனன்குடா பிரிமா ஆலைக்குக் கோதுமைக் கப்பல் வருவதும் இதே கடலால்தான். பதற்றம் கூடினால் முதலில் கூடுவது கப்பல் காப்புறுதிக் கட்டணம், அதன் பிறகு மா மூட்டையின் விலை.