கோப்பை யாருக்கு? கூடைப்பந்துப் போட்டியின் கணக்கு

திற்பரப்பு அருவியைப் பார்த்திருக்கிறீர்களா? குமரி மாவட்டத்தில் கோதையாறு பாறையிலிருந்து கீழே விழும் இடம் அது. அருவியில் குளிப்பவருக்கு ஆறு ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் மேலே மலைக்காட்டில் அது பல ஓடைகளாக ஓடி வருகிறது. இரண்டு ஓடைகள் ஒன்று சேரும் ஒவ்வோர் இடத்திலும் ஓடைகளின் எண்ணிக்கை ஒன்று குறைகிறது. அப்படியானால் 16 ஓடைகள் ஓர் ஆறாக மாற எத்தனை சந்திப்புகள் வேண்டும்? சரியாக 15.

கூடைப்பந்துக் கோப்பைக்கும் இதே கணக்குத்தான். நாக்-அவுட் முறையில் ஓர் ஆட்டம் முடிந்தால் ஓர் அணி வெளியேறும். கடைசியில் ஓர் அணியே எஞ்ச வேண்டும். ஆகவே, அணிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பதே ஆட்டங்களின் எண்ணிக்கை. 1939-இல் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் போட்டி தொடங்கியபோது 8 அணிகள்; கோப்பை யாருக்கு என்று முடிவு செய்ய 7 ஆட்டங்கள். 2011-இல் அணிகள் 68 ஆயின. ஆட்டங்கள் 67 ஆயின.

'பை' என்பது என்ன?

13 அணிகள் வந்தால் என்ன செய்வது? 2, 4, 8, 16, 32 என்ற வரிசையில் 13-க்கு அடுத்த எண் 16. பதினாறிலிருந்து 13-ஐக் கழித்தால் 3. எனவே 3 அணிகள் முதல் சுற்றில் ஆடாமலே இரண்டாம் சுற்றுக்குச் செல்லும். இதற்கு 'பை' என்று பெயர். மற்ற 10 அணிகள் 5 ஆட்டங்கள் ஆடும். வென்ற ஐந்தும் 'பை' பெற்ற மூன்றும் சேர்ந்து 8. அதன்பின் 4, 2, 1 என ஆட்டங்கள் நடக்கும். மொத்தம் 12. நம் சூத்திரம் பொய்க்கவில்லை!

நாக்-அவுட்டா, லீக்கா?

நாக்-அவுட் முறை விரைவானது, ஆனால் இரக்கமற்றது. நல்ல அணி ஒன்று ஒரே ஒரு நாள் சோர்ந்தாலும் வீடு திரும்ப வேண்டியதுதான். லீக் முறையில் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் மோதும். இது நியாயமானது, ஆனால் நாட்களை விழுங்கும். 16 அணிகளுக்கு 16 × 15 ÷ 2 = 120 ஆட்டங்கள் தேவை!

அதனால் இரண்டையும் கலந்து ஒரு வழி கண்டார்கள். குமரி மாவட்டக் கல்லூரிகள் பல, 1990-இல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. அந்தப் பல்கலைக்கழக அணியில் இடம்பெறும் மாணவர் தென்மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்குச் செல்வார். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இப்போட்டிகளுக்குப் பொறுப்பு. அங்கே நான்கு அணிகள் எஞ்சும்வரை நாக்-அவுட். பிறகு அந்த நான்கும் தமக்குள் லீக் ஆடும் என்பது வழக்கம். 16 அணிகள் வந்தால் 12 நாக்-அவுட் ஆட்டங்கள், 6 லீக் ஆட்டங்கள். ஆக 18 போதும். 120 எங்கே, 18 எங்கே!

அமெரிக்காவில் கல்லூரிகள் 'கான்பரன்ஸ்' எனப்படும் குழுக்களாகச் சேர்ந்துள்ளன. பருவம் முழுதும் தமக்குள் ஆடி, பட்டியலில் முதலிடம் யாருக்கென்று காண்பார்கள். பருவ முடிவில் ஒரு நாக்-அவுட் போட்டியும் நடத்துவார்கள். தேசியப் போட்டிக்கு நேரடி அனுமதி பெறுவது இந்த நாக்-அவுட்டில் வென்ற அணியே. நம் வழக்கத்தில் நாக்-அவுட் முதலில், லீக் பிறகு. அவர்கள் வழக்கம் இதற்கு நேர்மாறானது!

மூவரும் சமமானால்?

லீக்கில் ஒரு சிக்கல் உண்டு. கூடைப்பந்தில் வெற்றிக்கு 2 புள்ளி. தோல்விக்கு 1 புள்ளி. ஆட வராத அணிக்கு 0. தோற்றாலும் களத்தில் நின்று ஆடியதற்கு மதிப்பு உண்டு, பார்த்தீர்களா?

அ, ஆ, இ, ஈ என்று நான்கு அணிகள் இருப்பதாகக் கொள்வோம். ஈ எல்லோரிடமும் தோற்றுவிட்டது. மற்ற ஆட்டங்களின் முடிவு இது:

அ 70 – ஆ 60
ஆ 66 – இ 60
இ 75 – அ 72

அ, ஆ, இ மூன்றுக்கும் இரண்டு வெற்றி, ஒரு தோல்வி. ஆளுக்கு 5 புள்ளிகள். இரண்டு அணிகள் மட்டும் சமமாக இருந்தால், அவை மோதிய ஆட்டத்தில் வென்றது யார் என்று பார்த்தால் போதும். இங்கே மூன்றும் ஒன்றையொன்று வென்று வட்டமாகிவிட்டன. ஆகவே, இம்மூன்றும் தமக்குள் ஆடிய ஆட்டங்களில் எடுத்த புள்ளிகளுக்கும் கொடுத்த புள்ளிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டும்.

அ: +10 – 3 = +7
ஆ: –10 + 6 = –4
இ: –6 + 3 = –3

கோப்பை அ அணிக்கு. ஆ மூன்றாம் இடத்தில். ஈ அணியை எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள் என்பது இங்கே கணக்கில் வராது. மெலிந்தவரை அடித்து மேலே ஏற முடியாது என்பதே இதன் பொருள்.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். ஆ அணி அ-விடம் 10 புள்ளியில் தோற்காமல், கடைசி நிமிடங்களில் விடாமல் ஆடி, 70–68 என்று 2 புள்ளியில் தோற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். அ-வின் கணக்கு –1; இ-யின் கணக்கு –3; ஆ-வின் கணக்கு –2 + 6 = +4. கோப்பை ஆ அணிக்கு! தோல்வி தோல்விதான், ஆனால் கூடையில் கூடுதலாக விழுந்த நான்கு பந்துகள் மூன்றாம் இடத்தை முதலிடமாக்கிவிட்டன.

அடுத்த முறை உங்கள் பள்ளி அணி தோற்கும் நிலையில் இருக்கும்போது, "இனி என்ன ஆடி என்ன பயன்?" என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்: நாக்-அவுட் போட்டிக்கு 21 அணிகள் வந்துள்ளன. எத்தனை 'பை'? மொத்தம் எத்தனை ஆட்டங்கள்?

(விடை: 11 'பை', 20 ஆட்டங்கள்.)