முன்பணம் யார் கணக்குக்குப் போகிறது?

நிகழ்ச்சி முடிந்து ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தால், அக்காவிடமிருந்து ஒன்பது அழைப்புகள். திரும்ப அழைத்தேன். "அந்தத் தம்பி போன் எடுக்க மாட்டேங்கிறாரும்மா. வாட்ஸ்அப்லயும் ஒரு டிக்தான் விழுது" என்றார்.

அக்காவும் மாமாவும் ஜுருவில் ஒரு மாடி டெரஸ் வீடு ஒன்றைப் பார்த்திருந்தார்கள். இருவருக்கும் தொழிற்சாலை வேலை. மாமா புக்கிட் மின்யாக்கில், அக்கா பத்து காவானில். தீவுப் பக்கம் விலை கட்டுப்படியாகாது. ஜுரு என்றால் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும். காட்டிய "ஏஜெண்டு" மாமாவின் நண்பருக்குத் தெரிந்தவர். இன்றே 5,000 ரிங்கிட் கட்டாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார். மாமா அங்கேயே அனுப்பிவிட்டார், அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கு! போலீஸ் புகார் கொடுத்தபோதுதான், அதே வீட்டுக்கு இன்னும் சிலரும் பணம் கட்டியிருப்பது தெரிந்தது. அந்த 5,000 இன்றுவரை வரவில்லை.

தாத்தா தோட்டத்து லயன் வீட்டில் வாழ்ந்தவர். வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டிய காலம் அது. அதனால் எங்கள் குடும்பத்தில் "சொந்த வீடு" என்ற வார்த்தையைக் கேட்டாலே கொஞ்சம் அவசரம் வந்துவிடும். அந்த அவசரத்தைத்தான் இப்படிப்பட்டவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

நம் நாட்டில் வீட்டு முகவர் தொழிலுக்கு 1981ஆம் ஆண்டின் 242ஆம் சட்டம் இருக்கிறது. பதிவு பெற்ற முகவரோ, அவரது நிறுவனத்தின் கீழ் பதிவு செய்துகொண்ட நெகோஷியேட்டரோதான் கமிஷனுக்கு வீடு விற்றுத் தரலாம். நெகோஷியேட்டரிடம் படம், 'ரென்' எண், கியூஆர் குறியீடு கொண்ட சிவப்பு அட்டை இருக்கும். அந்த எண்ணை வாரியத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். கேட்கக் கூச்சப்படாதீர்கள், முறையானவர் தானே எடுத்துக் காட்டுவார். ஆனால் ஒன்று: நெகோஷியேட்டர் ஆவதற்கு இரண்டு நாள் பயிற்சி போதும். அட்டை இருந்தால் ஆள் யார் என்பது தெரியும், அவருக்கு எவ்வளவு விஷயம் தெரியும் என்பது தெரியாது.

அட்டையைவிட முக்கியம் பணம் போகும் இடம். முன்பணம் நிறுவனத்தின் பெயரில் உள்ள வாடிக்கையாளர் கணக்குக்கோ வழக்கறிஞர் நிறுவனக் கணக்குக்கோ போக வேண்டும். தனிமனிதர் பெயரில் கணக்கு எண் வந்தால், அவர் எவ்வளவு தங்கமான மனிதராக இருந்தாலும், அனுப்பாதீர்கள்.

400,000 ரிங்கிட் வீட்டையே எடுத்துக்கொள்வோம். பழைய வீடு வாங்கும்போது முதலில் 2 அல்லது 3 விழுக்காடு கேட்பார்கள். 3 என்றால் 12,000. கொள்முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது 10 விழுக்காட்டில் மீதியான 28,000. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வங்கி கடன் தர மறுத்துவிட்டால் அந்த 12,000 என்ன ஆகும்? 'கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்' என்று ஆஃபர் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். வாயால் சொன்னது போதாது. எழுதித் தராவிட்டால் கையெழுத்து வேண்டாம்.

வங்கி, நீங்கள் பேசிய விலையைப் பார்த்துக் கடன் தருவதில்லை, தன் மதிப்பீட்டையும் பார்க்கும். அதே வீட்டை 370,000 என்று மதிப்பிட்டால், 90 விழுக்காடு கடன் 333,000தான். நீங்கள் 40,000 கையிலிருந்து போட்டால் போதும் என்று நினைத்திருப்பீர்கள், இப்போது 67,000 வேண்டும். ஆகவே முன்பணம் கட்டும் முன்பே இரண்டு மூன்று வங்கிகளில் உத்தேச மதிப்பீடு கேட்டுவிடுங்கள். சொத்து மாற்ற முத்திரை வரி 7,000, கடன் பத்திரத்துக்கு 1,800, வழக்கறிஞர் கட்டணம் தனி. முதல் வீடு என்றால் முத்திரை வரி விலக்கு உண்டா என்று வழக்கறிஞரிடம் கட்டாயம் கேளுங்கள். சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்தும் வீட்டுக்குப் பணம் எடுக்கலாம்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். வீட்டைக் காட்டும் முகவருக்குப் பொதுவாகக் கமிஷன் கொடுப்பவர் விற்பவர். உச்சவரம்பு 3 விழுக்காடு. அவர் நம்மிடம் அன்பாகப் பேசலாம், தண்ணீர் பாட்டில் வாங்கித் தரலாம், ஆனால் விலையைக் குறைப்பது அவர் வேலையல்ல. உங்களுக்காக வேலை செய்ய வேண்டியவர் உங்கள் வழக்கறிஞர். அவரை நீங்களே தேர்ந்தெடுங்கள். வீட்டு உரிமைப்பத்திரத்தை நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வமாகத் தேடச் சொல்லுங்கள். உரிமையாளர் யார், அடமானம் இருக்கிறதா, குத்தகை நிலமா, மாநில அரசின் ஒப்புதல் வேண்டுமா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். மலிவு விலை வீடு, குத்தகை நிலம் என்றால் ஒப்புதலுக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆறு முகவர்களிடம் கொடுத்தால் சீக்கிரம் விற்கும் என்று நினைக்கிறோம். ஆறு பேரும் ஆறு விலை போட்டு விளம்பரம் செய்தால், பார்ப்பவர் 'இந்த வீட்டில் ஏதோ வில்லங்கம்' என்றுதான் நினைப்பார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, அதே தாமானில் சமீபத்தில் உண்மையிலேயே விற்ற விலையைக் கேளுங்கள். லாபத்துக்குச் சொத்து ஆதாய வரியும் உண்டு. குடிமக்களுக்கு முதல் மூன்று ஆண்டுகளில் விற்றால் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டு 20, ஐந்தாம் ஆண்டு 15, ஆறாம் ஆண்டிலிருந்து வரி இல்லை. குடியிருந்த வீட்டுக்கு வாழ்நாளில் ஒரு முறை விலக்கு கேட்கலாம்.

அக்கா இரண்டாவது முறை வீடு பார்த்தபோது நானும் கூடப் போனேன். மாலை ஆறு மணிக்கு, ஜுரு டோல் பக்கம் வண்டிகள் நகராமல் நின்ற நேரத்தில், வேண்டுமென்றே. பிறகு ஒரு நாள் அடைமழையில் போய்ச் சாக்கடையைப் பார்த்தோம். முகவர் அம்மா அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். மாமா எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்குங்கம்மா, ஒரு தடவ ஏமாந்துட்டோம்" என்றார். "பரவாயில்ல, எல்லாரும் இப்படிக் கேட்டா எங்களுக்கும் நல்லதுதான்" என்று சிரித்தார் அவர். ஆஃபர் கடிதத்தை அக்கா மூன்று நாள் வீட்டில் வைத்துப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.