வலி அடங்கினால் நோய் அடங்கியதாகுமா?

ஸ்டீராய்டு மாத்திரையை முதல் வாரத்தில் கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள், ஆறாவது மாதத்தில் அதைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறார்கள். கன்னம் உப்பிப்போகிறது, தூக்கம் கெடுகிறது, சர்க்கரை ஏறுகிறது, எலும்பு தேய்கிறது. ஆனாலும் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் முடக்குவாதமோ லூபஸோ திடீரென்று சீறி எழும்போது, அதை வேகமாக அடக்க மருத்துவர்கள் இன்றும் ஸ்டீராய்டைத்தான் எடுக்கிறார்கள்.

1948 செப்டம்பரில், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடக்கவே திணறிய 29 வயதுப் பெண்ணுக்கு பிலிப் ஹென்ச்சும் அவருடைய குழுவினரும் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும், கெண்டல், ரைக்ஸ்டைன் என்ற வேதியியலாளர்கள் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பக்கவிளைவுகளும் அதற்குள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டத் தொடங்கியிருந்தன.

வருடக்கணக்கில் இந்த மாத்திரையோடு வாழ்கிறவர்கள் வேறு வழி தேடுவதில் வியப்பில்லை. அப்படித் தேடுகிறவர்களில் பலர் வந்து நிற்கும் இடம் கஞ்சாவிலிருந்து எடுக்கும் மருந்து. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கல்கத்தாவில் மருத்துவராக இருந்த ஓஷானசி, 1839இல் வெளியிட்ட கட்டுரையிலேயே வாதநோயாளிகளுக்குக் கஞ்சாப் பிசின் கொடுத்துப் பார்த்ததைப் பதிவு செய்திருக்கிறார். 1964இல் இஸ்ரேலின் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் போதை தரும் டிஎச்சி என்ற பொருளைப் பிரித்தெடுத்து அதன் வேதியமைப்பைக் கண்டறிந்தார்கள். 1990களில் வந்த கண்டுபிடிப்பு இன்னும் முக்கியமானது. கஞ்சாவின் வேதிப்பொருள்கள் வந்து ஒட்டும் ஏற்பிகள் மூளையில் மட்டுமல்ல, நோய் எதிர்ப்பு செல்களிலும் இருக்கின்றன. அப்படியானால் இந்தச் செடி அழற்சியையே தணிக்குமோ என்ற நம்பிக்கை பிறந்தது.

பரிசோதனைகள் என்ன சொல்கின்றன? பிரிட்டனில் முடக்குவாதம் உள்ள 58 பேரிடம் ஐந்து வாரம் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. டிஎச்சியும், கஞ்சாவின் மற்றொரு வேதிப்பொருளான சிபிடியும் கலந்த வாய் ஸ்பிரே பயன்படுத்தியவர்களுக்கு அசையும்போது வரும் வலியும் சும்மா இருக்கும்போது வரும் வலியும் குறைந்தன. தூக்கமும் மேம்பட்டது. காலையில் மூட்டு விறைத்துக்கொள்வது மட்டும் குறையவில்லை.

நம் கேள்விக்கு இன்னும் நெருங்கிய பதில் இஸ்ரேலிலிருந்து வந்தது. எதிர்ப்பு சக்தி தடம் மாறிக் குடலைப் புண்ணாக்கும் கிரோன் நோயில், டிம்னா நஃப்தாலி என்ற மருத்துவரின் குழு 21 பேரை இரண்டாகப் பிரித்து எட்டு வாரம் கவனித்தது. 2013இல் முடிவு வெளியானது. டிஎச்சி நிறைந்த கஞ்சா புகைத்த 11 பேரில் 10 பேருக்கு அறிகுறிகள் கணிசமாகக் குறைந்தன. போலி மருந்து பெற்ற 10 பேரில் நால்வருக்குத்தான் குறைந்தன. ஸ்டீராய்டை விட முடியாமலிருந்த மூவர் அதிலிருந்து விடுபட்டார்கள். நோயாளிகள் இந்தச் செய்தியை எவ்வளவு ஆசையோடு படித்திருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

அதே குழு சிபிடி மிகுந்த எண்ணெயை 56 பேரிடம் சோதித்து 2021இல் வெளியிட்ட முடிவைத்தான் எல்லோரும் முழுதாகப் படிக்க வேண்டும். எண்ணெய் எடுத்தவர்கள் நன்றாக உணர்ந்தார்கள். அன்றாட வாழ்க்கை எளிதானது. ஆனால் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தபோது போலி மருந்து எடுத்தவர்களைவிடப் புண் ஆறியிருக்கவில்லை. ரத்தத்தில் அழற்சியின் அளவும் இறங்கவில்லை.

இது நெருப்பை அணைக்காமல் புகை எச்சரிக்கை மணியை மட்டும் நிறுத்துவது போன்றது. வலி போய்விட்டதே என்று நோயாளி தானாகவே ஸ்டீராய்டைக் குறைக்கும்போது, குடலிலோ மூட்டிலோ லூபஸ் தாக்கிய சிறுநீரகத்திலோ சேதம் சத்தமில்லாமல் தொடரலாம்.

ஆபத்து அதோடு நிற்பதில்லை. சில வாரங்களுக்கு மேல் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைச் சாப்பிட்டால், உடலுக்குத் தேவையான கார்டிசோலைச் சுரக்கும் வேலையை அட்ரீனல் சுரப்பி கிட்டத்தட்டக் கைவிட்டுவிடக்கூடும். அந்த நிலையில் மாத்திரையைப் பட்டென்று நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, வயிற்றுவலி, ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கஞ்சாவை நெடுநாள் அதிகமாகப் பயன்படுத்துகிறவர்களில் சிலருக்கு அடங்காத வாந்தி வருவதும் தெரிந்த விஷயம். வாந்தியோடு மாத்திரையும் வெளியே போனால், நிறுத்தியதற்கும் அதற்கும் உடலுக்கு வித்தியாசம் தெரியாது.

இரண்டையும் சேர்த்து எடுப்பவர் கல்லீரலையும் நினைக்க வேண்டும். அங்கே பல மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் வேலையை சிபிடி தடுக்கிறது. சிபிடி எடுத்துக்கொண்டிருந்த ஒருவரின் ரத்தத்தில், எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு சுமார் மூன்று மடங்காக ஏறியதை அமெரிக்க மருத்துவர்கள் 2019இல் பதிவு செய்தார்கள். குடல் நோய்க்குத் தரும் பியுடெசொனைடு என்ற ஸ்டீராய்டும் இதே வகை நொதியை நம்பித்தான் உடலிலிருந்து வெளியேறுகிறது. அதிக அளவு சிபிடி கல்லீரல் நொதிகளை உயர்த்தவும் கூடும். கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மெத்தோட்ரெக்ஸேட் மருந்தும் சாப்பிடுபவருக்கு இது இரட்டைச் சுமை. புகைப்பது அறவே வேண்டாம். செடியில் படிந்திருக்கும் பூஞ்சை, எதிர்ப்பு சக்தி தணிந்த நுரையீரலுக்குள் நேராகப் போய் இறங்கும்.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பூவையும் பிசினையும் தடுக்கிறது. தனியே இருக்கும் இலையும் விதையும் கஞ்சா என்ற வரையறைக்குள் வராது. அந்த இடைவெளியில்தான் ‘விஜயா’ என்ற பெயரில் ஆயுர்வேத எண்ணெய்கள் இணையத்தில் விற்கின்றன. வாங்குகிறவர் குப்பியின் லேபிளை அப்படியே நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருள்களைச் சோதித்து 2017இல் வெளியிட்டபோது, 26இல் மட்டுமே லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது. 18இல் டிஎச்சி இருந்தது.

ஏற்கெனவே இந்த எண்ணெயைத் தொட்டுவிட்டவர்கள், திட்டுவாரோ என்று பயந்து மருத்துவரிடம் மறைக்கிறார்கள். குப்பியைக் கையோடு எடுத்துப்போய், எவ்வளவு, எப்போதிலிருந்து என்று சொல்லிவிடுவது நல்லது. ஸ்டீராய்டைக் குறைப்பதா என்பதை அழற்சியைக் காட்டும் சிஆர்பி, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைப் பார்த்து அவர் முடிவு செய்யட்டும். குறைக்கலாம் என்றால் அதையும் படிப்படியாகத்தான் குறைப்பார். இடையில் மாத்திரை தங்காத அளவுக்கு வாந்தி வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், ஸ்டீராய்டு சாப்பிடுவதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.