மின்சாரம் போனால் எந்த ரேடியோ பேசும்?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11.30 அளவில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று எரிசக்தி அமைச்சர் சொன்னார். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இப்படிக் கரண்ட் போனால் லிப்ட் நிற்கும், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நிற்கும், வைஃபையும் போய்விடும். கைத்தொலைபேசி இருக்கிறதே என்று இருந்துவிடவும் முடியாது. தொலைபேசிக் கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும். அதன் பற்றரிகள் சில மணித்தியாலங்கள் தாங்கும், பிறகு ஜெனரேட்டர் ஓட வேண்டும், அதற்கு டீசல் வேண்டும், டீசல் போய்ச்சேர வீதி வேண்டும். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது இவை எல்லாமே பல மாவட்டங்களில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பேரழிவு அது.

ரேடியோவுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. ஒரே ஒரு ஒலிபரப்புக் கோபுரம் உயிரோடு இருந்தால் இலட்சம் வீடுகள் அதைக் கேட்கலாம். எத்தனை பேர் கேட்டாலும் அந்த அலையில் நெரிசல் ஏற்படாது. ஆகவே, தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் ‘எமர்ஜென்சி ரேடியோ’ வாங்கி அனுப்புவது நல்ல காரியம். ஆனால் அப்படி வரும் பெட்டிகளில் பல அமெரிக்காவை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது இங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை 162.400 முதல் 162.550 மெகாஹேர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் இரவுபகலாக வானிலைத் தகவல்களையும் அவசர எச்சரிக்கைகளையும் ஒலிபரப்புகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிபரப்பிகள் அதற்கென இருக்கின்றன. சூறாவளி எச்சரிக்கை என்றால் முதலில் ஒரு தனி ஒலிக்குறி போகும். மௌனமாக இருக்கும் ரேடியோ அதைக் கேட்டதும் தானாகவே விழித்து வீட்டாரை எழுப்பும். அருமையான ஏற்பாடு. பெட்டியில் ‘டபிள்யூபி’ என்று போட்டிருக்கும் பொத்தான் அதற்குத்தான். கொழும்பில் அந்தப் பொத்தானை அழுத்தினால் இரைச்சல் மட்டும் வரும், ஏனென்றால் இங்கே அந்த அலைவரிசைகளில் வானிலைச் சேவை கிடையாது. நம்முடைய வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கை சாதாரண எப்எம் நிலையங்களின் செய்தியில்தான் காதுக்கு வருகிறது. எனவே அந்தப் பொத்தானுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

அலைவரிசைகளுக்கு இடையிலான படியும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் மத்திய அலை நிலையங்கள் 10 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. நம் பக்கத்தில் இடைவெளி 9. நம் வீடுகளில் ஒரு தலைமுறையே காது கொடுத்துக் கேட்ட திருச்சி வானொலியின் 936 ஒன்பதின் மடங்கு. பத்துப் பத்தாகத் தாவும் டிஜிட்டல் பெட்டி 930இல் நிற்கும், அடுத்து 940இல் நிற்கும், 936இல் சரியாக நிற்காது. 9, 10 இரண்டுக்கும் மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜப்பானிலிருந்து வரும் பழைய பெட்டியில் வேறு சிக்கல். அங்கே எப்எம் 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கும். பழைய பெட்டிகள் 90உடன் முடிந்துவிடும். ஜப்பானியக் கார் வாங்கி, நம் தமிழ் நிலையங்கள் எடுக்காமல் அலைமாற்றி பூட்டியவர்களுக்கு இது புதிதல்ல. வானொலி கேட்க மட்டும் என்றால், விரலால் திருகும் குமிழ் வைத்த சாதாரணப் பெட்டியே மேல். அதற்குப் படிக் கணக்குக் கிடையாது. இருட்டில் கண் தெரியாத முதியவர்களும் அதைத் தடவித் திருப்புவார்கள்.

இனிக் கைப்பிடி. கையால் சுற்றினால் மின்சாரம் வரும், தொலைபேசிக்கும் சார்ஜ் ஏற்றலாம் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். இத்தகைய சின்ன டைனமோவிலிருந்து 2 வாட் கிடைக்கிறது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். குறைந்த சத்தத்தில் ஓடும் சின்ன ரேடியோவுக்கு ஏறத்தாழ 0.2 வாட் போதும். ஒரு நிமிடம் சுற்றினால், இழப்புகள் போக, ஐந்தாறு நிமிடம் செய்தி கேட்கலாம். கெட்டிக்காரத்தனமான வசதிதான். ஆனால் 5,000 மில்லிஅம்பியர்-மணி தொலைபேசிப் பற்றரியில் அடங்குவது சுமார் 19 வாட்-மணி. அதை நிரப்ப ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் இடைவிடாமல் சுற்ற வேண்டும். அறுபது வயது தாண்டிய கையால் ஆகிற காரியமா? ஒரு அவசர அழைப்புக்கு வேண்டிய துளி மின்சாரம் எடுக்கலாம், அவ்வளவுதான். உச்சியில் பதித்திருக்கும் உள்ளங்கை அளவு சோலார் தகட்டின் கதையும் இதுவே. உச்சி வெயிலில் நேராகப் பிடித்தால் ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தரும். மழை மூடிய வானத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. புயல் நாளில் கொழும்பில் வெயிலுக்கு எங்கே போவது?

அதனால் என் தேர்வு பென் டோர்ச் பற்றரி போடும் பெட்டி. நல்ல அல்கலைன் பற்றரி இரண்டில் சுமார் 6 வாட்-மணி இருக்கும். மேலே சொன்ன 0.2 வாட் கணக்கில் அது முப்பது மணித்தியாலம். நாளுக்கு மூன்று மணித்தியாலம் செய்தி கேட்டால் பத்து நாள் ஓடும். தீர்ந்தால் மூலைக் கடையில் வாங்கலாம். உள்ளேயே பொருத்திய லித்தியம் பற்றரி மட்டும் உள்ள பெட்டியை அலுமாரியில் ஒரு வருடம் போட்டுவைத்தால், தேவைப்படும் அன்று அது செத்திருக்க இடமுண்டு. இரண்டும் போடக்கூடியது கிடைத்தால் இன்னும் நல்லது. மலிவான பற்றரியை உள்ளே விட்டுவைக்க வேண்டாம். அது கசிந்து செப்புத் தகட்டைப் பச்சையாக அரித்துவிடும். பற்றரியை வெளியே எடுத்து, அதே பையில் சேர்த்துக் கட்டி வையுங்கள்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் வாங்குவதென்றால் கடையிலேயே பற்றரி போட்டுக் கேளுங்கள். தமிழ் நிலையங்கள் எல்லாம் தெளிவாக வருகின்றனவா என்பதே முக்கியச் சோதனை. டித்வா நாட்களில் தமிழில் அறிவித்தல்கள் பிந்தி வந்தன என்ற குறை பலமாக எழுந்தது. 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய வானொலிக்கு நூறு வயது நிறைகிற வேளையில் இப்படியொரு குறை எழுந்தது எனக்கு மிகுந்த வருத்தம். ஒரு நிலையத்தை மட்டும் நம்பாமல் தேசிய சேவை, சூரியன், சக்தி, வசந்தம் என எல்லாவற்றின் இடத்தையும் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். வீட்டில் எப்எம் இரைந்தால் அன்டெனாவை இழுத்துவிட்டு ஜன்னலோரம் கொண்டுபோங்கள். எப்எம் அலையின் நீளம் சுமார் மூன்று மீற்றர். அதில் கால்வாசி, அதாவது 75 சென்ரிமீற்றர் கம்பி இருந்தால் நன்றாகப் பிடிக்கும். கொங்கிறீற் சுவர்களுக்கு நடுவே அந்த அலை தேய்ந்துபோகும்.

மத்திய அலையும் உள்ள பெட்டியாக இருந்தால் நல்லது என்பேன். இலங்கையில் மத்திய அலை ஒலிபரப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது, அப்படியிருந்தும் சொல்கிறேன். பகலில் அந்த அலைகளை விழுங்கும் வளிமண்டல அடுக்கு பொழுது சாய்ந்ததும் கலைந்துவிடும். தூரத்து நிலையங்கள் கடல் தாண்டி வரும். சாதாரண நாளில் தொடர்மாடியில் மத்திய அலையைத் திருப்பினால் எல்ஈடி விளக்குகளும் சார்ஜர்களும் எழுப்பும் உறுமலே கேட்கும். கரண்ட் போன அந்த நொடியில் உறுமல் அடங்கி அலைவரிசை துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடும்.

இந்தப் பெட்டியே ஒரு வானிலைக் கருவியும்கூட. மத்திய அலையில் 540க்கும் 600க்கும் இடையே நிலையம் இல்லாத ஓரிடத்தில் வையுங்கள். ஒவ்வொரு மின்னலும் ஒரு ‘சடக்’ என்று கேட்கும். இடிச்சத்தம் காதுக்கு எட்டாத தூரத்து மின்னலும் இதில் பதியும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமழை கட்டும்போது அந்தச் சடசடப்பு நெருங்கி வருவதைக் கேட்டே அறியலாம். மொட்டைமாடியில் துணி எடுக்கப் போகிறவர்களும் காலிமுகத்திடலுக்குப் புறப்படுகிறவர்களும் அப்போது உள்ளே இருப்பதே நல்லது.

செய்தியில் எதைப் பிடித்துக்கொள்வது? வெள்ளவத்தைக்காரருக்குக் கடல் கொந்தளிப்பு எச்சரிக்கையும், கால்வாயை அண்டிய ஒழுங்கைகளில் இருப்போருக்குக் கொழும்பில் எவ்வளவு மழை பெய்தது என்பதும். கொட்டாஞ்சேனைக்காரர் காது கொடுக்க வேண்டிய பெயர் நாகலகம் வீதி. கிராண்ட்பாஸ் பக்கம் களனி கங்கையின் நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் அளக்கும் இடம் அது. அங்கே 4 அடி என்றால் விழிப்பு, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். அதற்கு முன்பே, ஆற்றின் மேற்பக்கத்தில் உள்ள ஹன்வெல்லவின் அளவு செய்தியில் வந்துவிடும். மேலே ஏறிய தண்ணீர் கொழும்புக்கு வந்துசேரப் பல மணித்தியாலம் எடுக்கும். கீழ்த்தளத்து வீட்டில் அடையாள அட்டை, மருந்து, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் மேலே ஏற்றவும், நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டுபோகவும் அந்த நேரம் போதும்.