இருபத்தாறு வாரத் தொடர் ஒரே தட்டில்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பரண் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. ஒற்றை அறையில் குடித்தனம் நடத்துவோர்க்குப் பரணே பண்டகசாலை. சென்ற ஆண்டு மழை தொடங்குமுன், அத்தகைய பரண் ஒன்றிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி கீழே இறங்கியது. அதனுள் வீடியோ நாடாக்கள் சிலவும், துணிப்பையில் சுற்றிய டி.வி.டி. தட்டுகள் ஐந்தும் இருந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வாழ்க்கைப்பட்டு இங்கு வந்த மூதாட்டி ஒருவர் தம் கைப்படப் பதிவு செய்தவை அவை.

“தம்பி, மாமாவுக்கு அப்ப ராத்திரி வேலை. அவுக பார்க்கணுமேன்னு பிடிச்சு வச்சேன். இப்ப வீட்டிலேயே இருக்காக, ஆனா எதுவும் ஓட மாட்டேங்குது” என்றார்.

“பார்ப்போம் அத்தை” என்று பெட்டியை வாங்கிக்கொண்டேன். அந்தப் பெட்டியிலிருந்த ஒரு தொடரின் அத்தியாயங்களை எவ்வாறு ஒரே ப்ளூ-ரே தட்டில் சேர்த்தோம் என்பதே இந்தப் பேச்சின் பொருள். பெங்களூரிலோ கொல்கத்தாவிலோ தில்லியிலோ இதைப் படிக்கும் நேயர்களின் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கக்கூடும்.

மும்பையில் தொலைக்காட்சி நிலையம் 1972 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிற்று; சென்னையில் 1975 ஆகஸ்டு 15ஆம் தேதி. ஆயினும் சென்னை நிலையத்தின் நிகழ்ச்சிகளை இங்குள்ள தமிழர் நெடுநாள் காண இயலவில்லை. ஊருக்குச் சென்று திரும்பும் உறவினர் கொண்டுவரும் நாடாக்களே கதி. 1993 ஏப்ரல் 14ஆம் தேதி சன் தொலைக்காட்சி தொடங்கியபின், கேபிள் கம்பி வழியே தமிழ் வீட்டுக்குள் வந்தது. மராத்தி எழுத்தாளர் பாபுராவ் பாகுல் சிறுவயதில் வாழ்ந்த இந்த லேபர் கேம்ப்பின் சந்துகளிலும், அடுத்துள்ள தாராவியிலும், மாலை வேளையில் அடுப்பின் ஓசையோடு தமிழ் வசனமும் கேட்கத் தொடங்கியது அக்காலத்தில்தான். இரவுப் பணிக்குச் செல்பவர் அதனை இழந்துவிடக் கூடாது என்று ஒருவர் நாடாவில் பிடித்து வைத்தார் என்றால், அதனைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் இருப்பவைதானே, எங்கே போய்விடும் என்று எண்ணுகிறோம். 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து மித்தி ஆறு கரைபுரண்டபோது, பரணில் ஏறாத பெட்டிகள் பலவும் சேற்றோடு போயின. ஏறிய பெட்டிகளையும் ஈரக்காற்று விட்டுவைக்கவில்லை. வீடியோ நாடாவில் வெண்பூஞ்சை படரும். படர்ந்த நாடாவை அப்படியே யந்திரத்தில் இட்டால் அதன் காந்தத் தலை அடைபடுவதோடு, அடுத்து இடும் நாடாவுக்கும் நோய் தொற்றும். அந்த யந்திரத்தைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமாகிய ஃபூனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே நாடா நன்றாயிருந்தாலும் ஓட்டும் கருவி கிடைப்பது அரிதாகிவிட்டது.

பெரிய நிலையங்களே இந்த விஷயத்தில் தவறியிருக்கின்றன. பிரிட்டனின் பி.பி.சி., நாடாவின் விலையை மிச்சம் பிடிக்க 1960களிலும் 1970களிலும் பழைய நிகழ்ச்சிகளை அழித்து அவற்றின் மேலேயே புதியவற்றைப் பதிந்தது. ‘டாக்டர் ஹூ’ என்ற புகழ்பெற்ற தொடரின் அத்தியாயங்கள் பல அவ்வாறு மறைந்தன. அவற்றுள் ஒன்பது 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரிலிருந்து கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. காட்சி மறைந்த ஏனைய அத்தியாயங்களின் ஒலி மாத்திரம் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. சில ரசிகர்கள் தம் வீட்டுக் கூடத்தில் ஒலிநாடாவில் பிடித்து வைத்ததே காரணம்.

இனி, தட்டின் சங்கதிக்கு வருவோம். பழைய இசைத்தட்டில் ஊசி ஓடியது போல, இங்கு ஒளிக்கதிர் ஒன்று சுருள்பாதையில் ஓடுகிறது. இசைத்தட்டில் வெளி விளிம்பிலிருந்து உள்ளே செல்வோம். இதில் உள்ளிருந்து வெளியே செல்கிறோம், அவ்வளவே. சுருளின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே உள்ள தூரம் சி.டி.யில் 1.6 மைக்ரோமீட்டர், டி.வி.டி.யில் 0.74, ப்ளூ-ரேயில் 0.32. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர். இத்தனை நெருக்கமான பாதையைப் படிக்கக் கூர்மையான கதிர் வேண்டும். சி.டி. 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரையும், டி.வி.டி. 650 நானோமீட்டர் சிவப்புக் கதிரையும் பயன்படுத்தின. அலைநீளம் குறையக் குறையக் கதிரைச் சிறிய புள்ளியாகக் குவிக்கலாம். 1990களின் நடுவில் ஜப்பானில் ஷூஜி நகமுரா முதலியோரின் உழைப்பால் நீல ஒளி தரும் குறைகடத்திகள் கைகூடியபின், 405 நானோமீட்டர் கதிர் வீட்டுக் கருவிக்குள் அடங்கியது; 2006இல் ப்ளூ-ரே கடைக்கு வந்தது. ஒற்றை அடுக்கு டி.வி.டி.யின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட், ப்ளூ-ரேயின் கொள்ளளவு 25. இரட்டை அடுக்காயின் 50.

ஒரு தட்டில் எத்தனை அத்தியாயம் அடங்கும் என்பது வீட்டுக் கணக்குதான். காட்சிக்கு வினாடிக்கு 5 மெகாபிட், ஒலிக்கு ஏறத்தாழ 0.2 என்று கொள்வோம். விளம்பரம் நீக்கிய அத்தியாயம் 22 நிமிடம், அதாவது 1,320 வினாடி. 1,320ஐ 5.2ஆல் பெருக்கி எட்டால் வகுத்தால் 858 மெகாபைட் வருகிறது. டி.வி.டி.யில் இத்தகைய அத்தியாயங்கள் ஐந்துக்குமேல் கொள்ளா. ப்ளூ-ரேயில் இருபத்தாறு இட்டாலும் 22.3 ஜிகாபைட்தான், பட்டியலுக்கும் பாதுகாப்புக்கும் இடம் மிஞ்சுகிறது. அரையாண்டு ஓடிய வாரத் தொடர் ஒன்று ஒரே தட்டில் அடங்கிவிடுகிறது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தட்டு செய்வோர் ஜிகாபைட் என்பதை நூறுகோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் கணினியோ ஏறத்தாழ 107 கோடியே 37 லட்சம் பைட்டை ஒரு ஜி.பி. என்று காட்டுகிறது. ஆகவே 25 என்று உறையில் அச்சிட்ட தட்டு கணினியில் 23.3 என்றே தெரியும். கடைக்காரர் குறைத்துக் கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை. கணினி 24 என்று காட்டும் கோப்புத் தொகுதியை அதில் ஏற்ற முயலவும் வேண்டாம்.

அத்தையின் டி.வி.டி.கள் ஐந்தும், பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் கொடுத்து நாடாவிலிருந்து மாற்றப்பட்டவை. ஒவ்வொன்றிலும் ஐந்து அத்தியாயங்கள். மூன்று தட்டுகள் முழுமையாகப் படிந்தன. அவற்றைப் பொறுத்தமட்டில் நல்ல செய்தி யாதெனில், காட்சியை மறுபடி சுருக்கத் தேவையே இல்லை. டி.வி.டி.யின் காட்சி எம்பெக்-2 முறையில் அமைந்தது; அகலத்தில் 720, உயரத்தில் 576 புள்ளி, வினாடிக்கு 25 படம். ப்ளூ-ரே கருவி இதனை அப்படியே ஏற்கும். மறுபடி சுருக்கினால் ஒருமுறை வடித்த கஞ்சியை மீண்டும் வடிப்பது போலத் தரம் இறங்கும். உள்ளடக்கத்தைத் தொடாமல் உறையை மாத்திரம் மாற்றுவதே உத்தமம். டி.எஸ்.மக்ஸர் என்ற இலவச மென்பொருள் இதனைச் சில நிமிடங்களில் செய்து முடிக்கிறது.

ஆனால் முதல் முயற்சியில் படம் ஓடியதே தவிர ஒலி வரவில்லை. ஒரு மாலைப்பொழுது வீணாயிற்று. காரணம் பின்னர் விளங்கிற்று: பழைய பதிவுக் கருவிகள் பல, எம்.பி.2 என்ற ஒலிமுறையை டி.வி.டி.யில் எழுதின. ப்ளூ-ரே விதிகளில் அதற்கு இடமில்லை. ஒலியை மட்டும் பிரித்து ஏ.சி.3 என்னும் டால்பி முறைக்கு மாற்றிச் சேர்த்ததும் வசனம் கணீரென்று வந்தது.

எஞ்சிய இரண்டு டி.வி.டி.கள் படிய மறுத்தன. அவற்றிலிருந்த பத்து அத்தியாயங்களுக்காக மூல நாடாக்களையே நாட வேண்டியதாயிற்று. இரவல் வாங்கிய யந்திரத்தில், பூஞ்சையற்ற நாடாக்களை முதலிலும், துடைத்துச் சுத்தம் செய்த ஒன்றைக் கடைசியிலும் ஓட்டினோம். அவற்றைக் கணினியில் பிடிக்கும்போது, நல்ல மூன்று தட்டுகளில் இருந்த அதே அளவு, அதே பட வேகம், அதே ஒலிமுறை ஆகியவற்றையே தேர்ந்தோம். அத்தியாயங்களை ஒரே ஓட்டமாக இணைக்கும்போது இந்த ஒற்றுமை இன்றியமையாதது. இல்லையேல் இணைப்பில் கருவி தடுக்கி நிற்கும், அல்லது உதடு ஒருபுறமும் ஒலி ஒருபுறமுமாக விலகும்.

பிற்காலத்து அகலத்திரைப் பதிவுகளை வைத்திருப்போர் இன்னொரு விதியை நினைவிற்கொள்ள வேண்டும். 1920க்கு 1080 அளவில், வினாடிக்கு 25 முழுப்படம் என்ற அமைப்பு ப்ளூ-ரே விதியில் இல்லை. நம் நாட்டு ஒளிபரப்போ 25 படக் கணக்கில் நடப்பது. ஆகவே எச்.264 முறையில் சுருக்கும்போது, இடைப்பின்னல் வகை என்று குறித்து எழுத வேண்டும். கணினியில் நன்றாக ஓடும் கோப்பைத் தட்டில் பதிந்தபின் வீட்டுக் கருவி ஏற்க மறுப்பதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

இணைப்பது எப்படி என்பதில் இரண்டு வழிகள் உள்ளன. ஒவ்வோர் அத்தியாயத்தையும் தனித்தனியே வைத்து, படப்பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்யலாம். அன்றி, எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாக இணைத்து, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஓர் அடையாளம் இடலாம். பட்டியல் பார்வைக்கு அழகு, செய்வது சிரமம். பார்க்கப் போகிறவரோ எண்பதைக் கடந்தவர். சிற்றெழுத்துப் பட்டியலைவிட, ‘அடுத்தது’ என்ற ஒரே பொத்தானை அழுத்தினால் அடுத்த வாரம் வருவது அவருக்குச் சௌகரியம் என்று தோன்றியதால் இரண்டாம் வழியையே மேற்கொண்டேன். பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதாதா என்று பக்கத்து வீட்டு இளைஞர் கேட்டார். அதில் புதுப்படம் ஏற்றுவதற்காக ஒருநாள் யாரேனும் எல்லாவற்றையும் அழித்துவிடுவர். ஒருமுறை மட்டும் எழுதும் தட்டில் அந்த ஆபத்து இல்லை.

தட்டு வாங்குகையில் உறையைப் படித்துப் பார்த்தல் நலம். எல்.டி.எச். என்று குறித்தவை கரிமச் சாயத்தால் ஆனவை. ஒளிக்கும் வெப்பத்துக்கும் எளிதில் இளகுபவை. நம் கடற்கரை ஊர்களுக்கு உலோகக் கலவை அடுக்குடைய மற்ற வகையே ஏற்றது. சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் எழுதும் ப்ளூ-ரே தட்டுகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. வேறு சில பெயர்களில் இன்னும் கிடைக்கின்றன. லாமிங்டன் ரோடு கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். இந்த வேலையை எண்ணியிருப்போர் வெகுநாள் தள்ளிப்போடாதிருப்பது புத்திசாலித்தனம்.

பதியும்போது மிகுந்த வேகம் வேண்டாம். நான்கு மடங்கு வேகமே போதும். பதிந்தபின் ‘சரிபார்’ என்ற கட்டளையைத் தவிர்க்கலாகாது. ப்ளூ-ரேயில் எழுத்து இருக்கும் அடுக்கு அடிப்பரப்பிலிருந்து பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில்தான் உள்ளது. எனவே கீறலுக்கு அஞ்சி, உறுதியான மேற்பூச்சு கொடுத்திருக்கிறார்கள். ஆயினும் தட்டை விளிம்பில் பிடித்தே எடுக்க வேண்டும். காகிதம் ஒட்டினால் சுழற்சி கோணும். மேற்புறத்தில் பெயரெழுத மை கசியாத மென்முனைப் பேனா உதவும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஊரிலுள்ள உறவினரிடம் அனுப்பிவிடுவது நல்லது. இங்கே வெள்ளம் வந்தால் அங்கே இருக்கும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடமளிக்கிறது. பிரதி செய்து விற்பது அதில் அடங்காது. விலைக்கு விற்ற தட்டுகளில் இடப்பட்டிருக்கும் பூட்டை உடைப்பது பற்றி 2012இல் 65ஏ என்ற தனிப் பிரிவே சேர்க்கப்பட்டுள்ளது. வீட்டில் தாமே பதிந்ததை வீட்டில் பார்ப்பதற்கு மாற்றிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வதே நமக்கு அழகு.

கூர்ந்து கணக்கிட்ட நேயர் ஒன்றைக் கவனித்திருப்பார். ஐந்து டி.வி.டி., ஒவ்வொன்றிலும் ஐந்து என்றால் இருபத்தைந்துதான் ஆகிறது. தொடரோ இருபத்தாறு வாரம் ஓடியது. பதினேழாம் அத்தியாயம் இருக்க வேண்டிய நாடாவை ஓட்டியபோது, 1996 உலகக் கோப்பைக் கிரிக்கெட் ஆட்டம் ஒன்று வந்தது. மூத்த மகன், அப்போது பள்ளிச் சிறுவன், மேலே பதிந்துவிட்டானாம். அத்தைக்கே அது இத்தனை ஆண்டு தெரியாது.

தட்டை ஓட்டிக் காட்டிய அன்று, பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடையே, ‘பதினேழு இல்லை’ என்று வெள்ளை எழுத்தில் பத்து வினாடி வருமாறு செய்திருந்தேன். மாமா அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார். அந்த வாரத்துக் கதையை அவர் ஒருநாள் காலை வேலையிலிருந்து திரும்பியபின் பார்த்திருந்தார். எங்கள் எல்லோருக்கும் அதை வாயால் சொல்லிமுடித்த பிறகே பதினெட்டை ஓட்ட விட்டார்.